மூடிய கடைக்கு எதற்குப் போர்டு?

நன்னிலம் கடைத்தெருவில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வாசலில் என் பழைய எஸ்.டி.டி. பூத் போர்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

இன்று காலை பேரூராட்சி அலுவலர் நோட்டீஸோடு வந்தார்.

"மூடின கடையோட போர்டு இருக்கக் கூடாதுங்க. சனங்க ஏமாந்துடுறாங்கல்ல? கழட்டிடுங்க."

எரிச்சலோடு ஸ்டூலில் ஏறிக் கழற்றினேன். இறங்கியதும் எதிர்ப்பக்கம் கை காட்டினேன்.

"சார், அங்க 'இலவசக் கழிப்பறை'ன்னு உங்க போர்டு இருக்கு. பூட்டி மூணு வருஷமாச்சு. அவசரத்துல ஓடிப்போய் ஏமாந்தவங்கதான் ஜாஸ்தி."

அவர் சிரித்துவிட்டார். "நியாயம்தாங்க. மதியத்துக்குள்ள சரி பண்ணிடுறோம்."

சொன்னபடியே மதியம் ஆட்கள் ஏணியோடு வந்தார்கள். அந்தப் போர்டையும் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பூட்டு அப்படியே இருக்கிறது. உங்கள் ஊரிலும் இப்படி ஏதாவது போர்டு இருந்தால், தயவுசெய்து வாயைத் திறக்காதீர்கள்.