மண்ணைத் தவிர எதுவும் வாங்கலாம்

எங்கள் அலுவலகத்தில் முன்பு ஒரு வயதான முன்ஷி, நம் ஊர்க் குமாஸ்தா, இருந்தார். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களிடம் இந்தியில் ஒன்று சொல்வார்: "நிலம் என்று ஒருவர் வந்தால் மூன்று கேள்வி கேள். நீங்கள் யார், நிலம் எது, அப்புறம்..." மூன்றாவது என் நினைவில் நின்றதே இல்லை. இந்தத் தொழிலில் முதல் இரண்டுக்கே யாரும் நேராகப் பதில் சொல்வதில்லை என்பதால் பெரிய நஷ்டமில்லை.

தொழில் என்றால், டெல்லி லக்ஷ்மி நகரில் ஒரு வக்கீல் அலுவலகம். வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிக்கொண்டு இங்கே சொத்துத் தேடி வரும் நம்மவர்களிடம், வக்கீலைப் பார்ப்பதற்கு முன் விஷயத்தை விளக்குவது என் வேலை. மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளியில் இரண்டு மொழி படித்தது இதற்குத்தான் போலிருக்கிறது. விதி சின்னதுதான். ஓ.சி.ஐ. அட்டைக்காரர், அதாவது வெளிநாட்டுக் குடிமகனாகியும் இங்கே வந்து தங்க அரசு அட்டை கொடுத்திருக்கும் நம்மவர், ஃப்ளாட் வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு வாங்கக் கூடாது.

நானே அந்த அட்டைக்காரன். கனடாக் குடிமகனாகி, பிறகு அப்பாவின் மயூர் விஹார் ஃப்ளாட்டுக்கே திரும்பி வந்தவன். தணிக்கைத் துறையில் இருந்த அப்பா, சோனிபத் பக்கம் எப்போதோ ஒரு கோதுமை வயல் வாங்கிப்போட்டார். தான் இருக்கும்போதே அதை என் பேருக்கு எழுதிவிட வேண்டும் என்கிறார். ஆகவே, சக அவதிக்காரர்களே, மேஜைக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்பது பல நாள் எனக்கே விளங்குவதில்லை.

ஆயுள் முழுக்க

அமெரிக்காவில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்ற ஓர் அம்மாள் வந்தார். டேராடூன் பக்கம் கொஞ்சம் நிலம் பார்த்து வைத்திருந்தார். முடியாது என்றதும் கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"தம்பி, ஆயுள் முழுக்க இருக்கலாம்னு கொடுத்திருக்காங்க. இருக்கிறவ நாலு கத்தரிச் செடி வைக்கக் கூடாதா?"

"வைக்கலாம்மா. ஃப்ளாட் வாங்கி பால்கனியில தொட்டி வச்சு..." என்று இழுத்தேன். சட்டப்படி சரியான பதில்தான். சொல்லும்போதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. அவர் அட்டையைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தபடி கேட்டார்: "அப்போ தொட்டியில இருக்கிறது மட்டும் எந்த நாட்டு மண்ணு?"

விளைச்சல்

சத்தர்பூர் பக்கத்துப் பண்ணை வீடு ஒன்றை வாங்கியே தீருவேன் என்று லண்டனிலிருந்து வந்த ஒருவரோடு அதைப் பார்க்கப் போனேன். உள்ளே நீச்சல் குளம், வண்ண விளக்கு, ஐந்நூறு பேர் உட்காரும் பந்தல். விவசாயத்துக்கு அடையாளமாக ஓர் எலுமிச்சை மரம் இருந்தது. அதிலும் சீரியல் பல்பு சுற்றியிருந்தார்கள். பத்திரத்தில் அது விவசாய நிலம். பெயரோ பண்ணை வீடு. இரண்டு வகையிலும் இவர் வாங்க முடியாது.

"இதில் எங்கே சார் பண்ணை இருக்கிறது?" என்று லண்டன்காரர் என்னைக் கேட்டார். இடத்தைக் காட்ட வந்த புரோக்கரைப் பார்த்தேன். பஞ்சாபி மனிதர், கொஞ்சமும் சலிக்காமல் சொன்னார்: "பாயி சாஹப், இங்கே விளையறது கல்யாணம் மட்டும்தான். வருஷத்துக்கு ரெண்டு போகம்."

யார் பேரில்

ஒரு தம்பதி. கணவர் ஆஸ்திரேலியக் குடிமகன். மனைவி இந்தியப் பாஸ்போர்ட்டை விடாமல் வைத்துக்கொண்டு, தன் அம்மாவைப் பார்த்துக்கொள்ள முன்பே டெல்லிக்கு வந்து குடியேறிவிட்டவர். மனைவி நிலம் வாங்கலாம், மாநில விதியையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். கணவர் முகம் மலர்ந்தது. "அச்சா, அப்போ ரெண்டு பேர் பேர்லயும் சேர்த்துப் போட்டுடுங்க."

சேர்க்க முடியாது என்றேன். மூலையிலாவது, சின்ன எழுத்திலாவது என்று கெஞ்சினார். மனைவி சொன்னார்: "வீடு, கார், நாய் எல்லாம் உங்க பேர்லதானே இருக்கு. மண்ணாவது என் பேர்ல இருந்துட்டுப் போகட்டுமே."

வேறொருவர் கேஸ்

அப்பா தினமும் கேட்டுக்கொண்டே இருந்ததால், என் விஷயத்தை யாரோ ஒரு கட்சிக்காரருடையது போல வக்கீல் மேடத்திடம் கேட்டேன். அப்பா இந்தியர், மகன் ஓ.சி.ஐ., அப்பா வயலைத் தானமாக எழுதிக் கொடுக்கலாமா?

மேடம் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "தானமாகக் கொடுத்தால் மகன் வாங்கக் கூடாது. வாரிசாக வந்தால் வாங்கிக்கொள்ளலாம். உயில் எழுதச் சொல்லுங்கள்." அதே வயல், அதே அப்பா, அதே மகன். கொடுக்கிறவர் இருந்தால் குற்றம், இல்லாவிட்டால் சரி. நான் நகராமல் நிற்பதைப் பார்த்து, ஆதரவாக ஏதாவது கேட்க வேண்டும் என்று மேடத்துக்குத் தோன்றியிருக்க வேண்டும். "பெரியவருக்கு உடம்பு எப்படி இருக்கிறது?"

தங்கை

தங்கை வசந்தி பக்கத்து பிளாக்கில்தான் இருக்கிறாள். இந்தியப் பிரஜை. அவளுக்குத் தானமாக எழுத ஒரு தடையும் இல்லை. தடை வசந்திதான்.

"அண்ணா, எனக்கு அந்த வயலுக்கு வழிகூடத் தெரியாது. நீதான் மாசா மாசம் அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போய் வரப்புல நிக்கிறே," என்றாள். அது உண்மை. திரும்பி வந்த பிறகு எனக்குக் குழப்பமில்லாத ஒரே இடம் அந்த வரப்பு. "என் பேருக்கு வந்தா ஜல்தியா வித்துட்டு மறுவேலை பார்ப்பேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

உயில்

அன்று சாயங்காலம் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தணிக்கைக்காரர் இல்லையா, குறுக்கு விசாரணை நடந்தது.

"நீ திரும்ப இந்தியனா ஆயிடேன்."

"ஆகலாம்ப்பா. கனடாவை விடணும். காவ்யா அங்கே படிச்சுக்கிட்டிருக்கா. அவளுக்கு ஒண்ணுன்னா நான் விசாவுக்கு வரிசையில நிக்கணும்."

பேத்தி பெயர் வந்ததும் அந்த வழியை அவரே மூடிவிட்டார். "அப்போ உயில் எழுதுப்பா. ஒரு வித்தியாசமும் இல்லை," என்றேன்.

"இருக்குடா. தானம்னா நீயும் நானும் பக்கத்துல நின்னு கையெழுத்துப் போடுவோம். உயில்னா நான் வரமாட்டேன்." அடுத்த ஆட்சேபத்துக்குப் போனார். "அதுவும் போகட்டும். உயில் எழுதிட்டேன்னா, அப்புறம் நான் ராத்திரி இருமினா, அடுத்த ரூம்ல நீ முழிச்சுக்கிட்டு என்ன நினைக்கிறேன்னு எனக்குத் தோண ஆரம்பிச்சுடும். நீ ஒண்ணும் நினைக்க மாட்டே, எனக்குத் தெரியும். ஆனா எனக்குத் தோணும்டா."

மறுநாள் அலுவலகத்துக்குப் போய், வசந்தியின் பெயருக்குத் தானப் பத்திரம் தயார் செய்தேன்.