அவளிடம் கேட்டிருக்கலாம்

துறைமுக வீதியில் நான் வேலை செய்யும், போட்டோகொப்பியும் தட்டச்சும் செய்து கொடுக்கிற கொமினிகேஷன் கடையில், தட்டச்சு என்றால் பதின்மூன்று வருடமாக நான்தான். கிளிவெட்டியிலிருந்து ஒரு பெண் வேலைக்கு வந்து மூன்று மாதம் ஆகவில்லை, அதற்குள் வருகிற சனம் "அந்தத் தங்கச்சி இல்லையோ?" என்று கேட்கத் தொடங்கிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. மறைத்து என்ன பயன்?

அவளிடம் ஒரு பென்டிரைவ் இருந்தது. கடையின் எந்தக் கணினியில் செருகினாலும், எதையும் நிறுவாமலே கடிதம், அட்டவணை எல்லாவற்றையும் அதிலிருந்தே செய்து முடிப்பாள். என் கணினியோ ஒரு பக்கத்தைத் திறக்கவே முக்கி முனகும். அதை எனக்கும் தா என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். என்னைவிடப் பதினைந்து வயது இளையவளிடம் போய் நான் கேட்பதா?

பஸ் நிலையத்தடியில் போன் திருத்துகிறவரிடம் போனேன். அவர் தன் பென்டிரைவிலிருந்து அதே மாதிரி மென்பொருள் ஒன்றை ஏற்றித் தந்தார். "காசு குடுத்து வாங்கிற சாமான் அக்கா, பூட்டு உடைச்சு வச்சிருக்கு. வைரஸ் எண்டு கொம்பியூட்டர் கத்தும். அந்தக் காவலை நிப்பாட்டிப்போட்டுத் திறவுங்கோ" என்றார். காவல்நாயைக் கட்டிவைக்கச் சொல்கிறவனை வீட்டு வாசலில் நிற்கவிடுவோமா? ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். பொறாமைக்காரிக்கு அந்த மட்டும் இல்லை. சொன்னபடியே செய்தேன்.

அப்போது என் கையில் ஒரு கல்வெட்டு வேலை இருந்தது. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய, காலமாகிவிட்ட தன் கணவருக்காக, முப்பத்தோராம் நாளில் உறவுகளுக்குக் கொடுக்க உப்புவெளி அம்மா ஒருவர் செய்வித்த நினைவுப் புத்தகம் அது. அவருடைய போன் பழுதாகிவிட்டதால், கணவரின் படங்கள்கூட என் கணினியில் மட்டும்தான் இருந்தன. அச்சகத்துக்குக் கொடுக்க இரண்டு நாள் இருக்க, காலையில் கணினியைப் போட்டால் ஒரு கோப்பும் திறக்கவில்லை.

அவள் வந்து பார்த்தாள். "நீங்கள் புதிசா ஏத்தினதிலயிருந்துதான் வைரஸ் வந்திருக்கு. இதை எங்க எடுத்தனீங்கள் அக்கா?"

சொன்னேன்.

"என்னட்டைக் கேட்டிருக்கலாம்தானே. நான் பாவிக்கிறது களவில்லை. சும்மா குடுக்கிறது. அதைச் செய்தவையின்ர சொந்தப் பக்கத்திலயிருந்துதான் இறக்கினனான். ஆரும் எடுக்கலாம்."

பிறகு மேசை லாச்சியை இழுத்து அதிலிருந்து ஒரு டிஸ்க்கை எடுத்தாள். "கடை பூட்ட முதல் உங்கட வேலையளையும் சேர்த்துத்தான் ஒவ்வொரு நாளும் கொப்பி எடுத்து வைக்கிறனான்." தன் கணினியில் திறந்து காட்டினாள். எல்லாப் பக்கங்களும், அந்த மனிதரின் எல்லாப் படங்களும் அப்படியே இருந்தன. நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முன்னிலும் கூடத்தான் எரிந்தது. என்னைக் கேட்காமல் என் வேலையைக் காப்பாற்ற இவள் யார்? என் கணினியை முழுதாகத் துடைத்து, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றித் தந்ததும் அவள்தான்.

முப்பத்தோராம் நாள் கழிந்த பிறகு உப்புவெளி அம்மா கடைக்கு வந்தார். புத்தகத்தில் ஒன்றை என் கையில் வைத்து, "நீங்கள் இல்லாட்டி இது நடந்திராது மகள்" என்று அழுதார். இரண்டு கதிரை தள்ளி உட்கார்ந்திருந்த அவள் தலை நிமிராமல் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தாள்.

"ஓம் அம்மா, அது என்ர வேலைதானே" என்றேன்.