பார்படாஸில் ஒரு வெளிச்சமான அறை

இங்கே ஜனவரியில் முழங்கால் வரை பனி கிடக்கும். கடைக்குள் நுழைந்தால் நீச்சல் உடை தொங்கும். முதல் வருடம், சரக்கை மாதம் மாற்றி இறக்கிவிட்டார்கள் என்றே நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது, இந்த அமெரிக்கர்கள் குளிருக்குப் பயந்து கரீபியன் பக்கம் ஓடுகிறார்கள். நம் ஊரில் எதிரே வருபவரை "சாப்டீங்களா?" என்று கேட்பதுபோல, எங்கள் ஆய்வுக்கூடத்தில் "இந்த வருஷம் எந்தத் தீவு?" என்று கேட்டுக்கொள்வார்கள். நாலு வருடம் சிரித்து மழுப்பினேன். ஐந்தாம் வருடம் "பார்படாஸ்" என்றேன். கைகுலுக்கினார்கள்.

மாரண்டஹள்ளி பக்கத்தில் தக்காளி போடுகிற என் அப்பாவுக்குக் கண்ணில் நீர் அழுத்தம். ஓரப் பார்வை எப்போதோ போயிற்று. நடுவில்தான் கொஞ்சம் மிச்சம். போனது திரும்பாது, இருப்பதும் எத்தனை மாதமோ என்று தருமபுரி டாக்டர் சொல்லிவிட்டார். வீடியோ காலில் என் முகம் அவருக்கு வெறும் வெளுப்பு. "நேர்ல, பகல் வெளிச்சத்துல பாத்தாத்தான் புடிபடும் சாமி" என்றார்.

ஊருக்குப் போகலாமே என்பீர்கள். என் விசா முத்திரை காலாவதி. படிக்கும்வரை இங்கே இருக்கலாம். ஊருக்குப் போனால் புது முத்திரை வாங்காமல் திரும்ப முடியாது. அப்படிப் போன சீனியர் ஒருவர் இன்னும் வரவில்லை, அவர் மேசையில் வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான். "படிப்ப உட்டுட்டு வந்தீன்னா வூட்டு வாசல மிதிக்காத" என்று அப்பாவும் கண்டித்துச் சொல்லிவிட்டார். ஆனால் பக்கத்துத் தீவுகளுக்குப் போய் முப்பது நாளுக்குள் திரும்பினால் பழைய முத்திரையே போதும் என்றாள் பல்கலைக்கழக அலுவலகப் பெண். பார்படாஸோ இந்தியர்களிடம் விசா கேட்பதில்லை. உலக வரைபடத்தில் அப்பா, அம்மா, நான் மூவரும் சந்திக்க ஓர் ஊர் கிடைத்துவிட்டது!

அன்றைக்கே அங்கே ஒரு ஹோட்டல் விடுதிக்கு ஃபோன் போட்டேன். காலை வெயில் நேராக விழுமா, எதிரில் உட்கார்ந்தால் முகம் நன்றாகத் தெரியுமா என்று கேட்டேன். எடுத்த பெண் சிரித்தாள். "கவலையே வேண்டாம், கனமான திரை உண்டு, மெழுகுவர்த்தியும் வைப்போம்" என்றாள். தேனிலவு என்று நினைத்துவிட்டாள். அப்பா, அம்மா என்றேன். மன்னிப்புக் கேட்டாள். பிறகு கிழக்கு ஜன்னல் அறையை எழுதிக்கொண்டாள்.

அவர்கள் இருவருக்கும் பாஸ்போர்ட் வந்ததும் ஃபோனில் அப்பாவுக்கு ஒத்திகை.

"எதுக்கு வந்தீங்கன்னு ஆபீசர் கேப்பாரு. சுத்திப் பாக்கன்னு சொல்லுங்கப்பா."

"கண்ணு தெரியாதவன் சுத்திப் பாக்க வந்தேன்னா அவன் சிரிக்க மாட்டானாடா?"

பக்கத்திலிருந்து அம்மா: "நல்லாத் தெரிஞ்சப்ப தீர்த்தமலைக்குக் கூட்டிட்டுப் போங்கன்னேன், பத்து வருசமா நேரமில்ல. இப்பப் பிளேன் ஏறணுமாம் இவருக்கு!"

பெங்களூரிலிருந்து அங்கே நேர் விமானம் இல்லை. வழியில் ஒரு விமான நிலையத்தில் நாலு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்து எழுவதற்கு, அந்த நாடு விசா கேட்டது. விண்ணப்பித்தோம். திரும்பிப் போவார்கள் என்று நம்பக் காரணமில்லை என்று மறுத்துவிட்டார்கள். தோட்டத்தில் காய் நின்றால் ஓசூரில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி தங்காத மனிதர் அவர். அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?

வேறொரு வழியில் டிக்கெட் தேடிக்கொண்டிருந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது. "அப்பாவுக்கு இப்ப வாசப்படி வெளிச்சம் மட்டுந்தான் தெரியுதாம்."

டிக்கெட் பக்கத்தை மூடினேன். அப்பா ஃபோனை வாங்கினார்.

"உடு சாமி. ஏர்போர்ட்ல கண்ணாடிக்கு அந்தாண்ட நின்னு கையாட்டுனியே, அந்த மூஞ்சி எங்கிட்ட பத்திரமா இருக்குது. இனிமே உனக்கு வயசே ஆவாது, போ."

சிரித்தார். என் முன்நெற்றி ஏறிவிட்டதையும் தாடி வைத்திருப்பதையும் நான் சொல்லவில்லை. மாரண்டஹள்ளியில் என் பெயரில் இருபத்திரண்டு வயதுப் பையன் ஒருவன் கையாட்டிக்கொண்டே நிற்கிறான். இங்கே வாசலில் பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிக்கொண்டிருப்பவனுக்கு அவனைத் தெரியும். அவனுக்குத்தான் இவனைத் தெரியாது.