பலாச்சுளைக்குள் ஒரு குழந்தை

கடலூரிலும் சிதம்பரத்திலும் இப்போது வளைகாப்புக்கு முன்னால் கர்ப்பிணிகள் ஸ்டுடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அதற்காக வயிற்றில் வண்ண ஓவியம் வரைந்துகொள்வதும் உண்டு. இந்தப் பக்கத்தில் அதை வரைபவர் ஒருவர்தான். திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் எதிர்வீட்டு சிந்துஜா அக்கா.

அக்காவுக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம். குழந்தை இல்லை. அவரும் கணவர் சேரனும் பாண்டிச்சேரியில் வைத்தியம் பார்க்கிறார்கள். ஒருமுறை கரு வைத்தும் தங்கவில்லை. அடுத்த முயற்சி ஜனவரியில்.

பிள்ளை இல்லாதவளை வயிற்றைத் தொட எப்படி விடுகிறார்கள் என்று தெருவில் பேசியதுண்டு. வரைந்துகொள்ள வந்தவர்கள் அப்படி நினைக்கவில்லை. பிரசவமானதும் முதல் போட்டோவை அக்காவுக்கு அனுப்பினார்கள். வரையும்போது உள்ளே அசைந்தால் அக்கா தூரிகையை எடுத்துவிட்டுக் காத்திருப்பார். அந்த நேரம் தானும் ஒரு தாய் மாதிரி இருக்கும் என்று என்னிடம் சொல்லியிருக்கிறார். இனி வருவதும் அவர் சொன்னதுதான்.

போன மாதம் சிதம்பரத்தில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போனார். உள்ளே உட்கார்ந்திருந்தவள் அக்காவின் தம்பி எழிலனின் மனைவி இலக்கியா. ஏழு மாதம். பக்கத்தில் அக்காவின் அம்மா ஆரோக்கியம்மாள். இலக்கியா உண்டாகியிருப்பதையே யாரும் அக்காவுக்குச் சொல்லியிருக்கவில்லை. எழிலன் ஸ்டுடியோவுக்குப் பணம் கட்டிய பேக்கேஜில் ஓவியமும் சேர்த்தி என்பது அவர்களுக்கும் தெரியாது.

இலக்கியா சட்டென்று முந்தானையை வயிற்றின் மேல் இழுத்துவிட்டாள்.

"நீயா வந்த?" என்றார் அம்மா.

"வேற யாரு வருவா?"

"சொல்லக் கூடாதுன்னு இல்லடி. உன் மனசு கஷ்டப்படும்னுதான்..."

"ஏழு மாசமாவா?"

ஸ்டுடியோக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "இந்த அக்கா கை ரொம்ப ராசிம்மா, தைரியமா உக்காருங்க" என்றார்.

இலக்கியாவே முந்தானையை விலக்கினாள். அவள் பண்ருட்டிக்காரி. "பாருங்க அண்ணி, எங்க ஊரு பலாப்பழம் கணக்கா ஆயிட்டேன். அதையே வரைஞ்சிடுங்க."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூரிகையை நனைத்தார். அதற்குள் ஆரோக்கியம்மாள் குறுக்கே வந்து, மருமகளின் வயிற்றில் கட்டைவிரலால் சிலுவை போட்டார்.

"இப்ப எதுக்கும்மா?"

"சும்மாதான். நீ வரை."

பிளந்த பலாப்பழம். மஞ்சள் சுளைகள். நடுச் சுளைக்குள், கொட்டை இருக்கும் இடத்தில், சுருண்டு தூங்கும் குழந்தை. இதுவரை வரைந்ததிலேயே அதுதான் நன்றாக வந்தது என்கிறார் அக்கா. பாதியில் உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது. "அத்தையவே உதைக்கிறியா நீ" என்று வயிற்றிடம் மெல்லக் கேட்டார். அப்போது அவரிடம் கோபமே இல்லையாம்.

முடித்துவிட்டுத் தூரிகைகளைக் கழுவப் பின்பக்கம் போனார். திரும்பி வந்தபோது ஆரோக்கியம்மாள் ஈரத்துண்டால் மருமகளின் வயிற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். குழந்தை இருந்த இடத்தில் மஞ்சள் தீற்றல்தான் மிச்சம்.

"அரிக்குதாம்" என்றார் அம்மா, துண்டைக் கீழே வைக்காமல்.

"அரிக்குதா இலக்கியா?"

இலக்கியா தரையைப் பார்த்தாள்.

அக்கா வெளியே வந்து, செம்மங்குப்பத்தில் வேலையில் இருந்த கணவருக்கு போன் செய்தார். "சிதம்பரத்துல எழிலன் பொண்டாட்டியப் பாத்தேன்" என்றதுமே அவர், "நீ ஏன் அங்க போன?" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

அம்மாவாவது பயந்து மறைத்தார். ஒவ்வொரு ஊசிக்கும் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற கணவர், இத்தனை மாதமும் ஒன்றும் தெரியாதவர் மாதிரி இருந்திருக்கிறார். அதைத்தான் அக்காவால் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் சேரன் அண்ணன் வந்ததும் அவர்கள் பேசியது எங்கள் வாசல்வரை கேட்டது.

"உங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்க சிந்து. உன் கண்ணு படும்னு நான் நெனைக்கவே இல்ல."

"நெனைக்கலன்னா அத அவுங்ககிட்ட சொல்லியிருக்கலாமே."

அக்காவே மேலே சொன்னார்.

"ஜனவரியில கூட வாங்க. கையப் பிடிக்க வேணாம். தங்கிச்சுன்னா அன்னிக்கே தெரு முழுக்கச் சொல்லிடுவேன். உங்களுக்குத்தான் கடைசி."

அண்ணன் செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார்.