பயந்தவர்கள் எழுதிய சட்டம்

அந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சாப்பிட்ட தட்டுகளைக் கழுவி வைத்த பிறகு, ஷார்ஜாவில் முவைலா பக்கத்து எங்கள் அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். புதுக்கோட்டைப் பக்கத்து ஏசி மெக்கானிக். சூப்பர் மார்க்கெட் கல்லாவில் நிற்கும் திருநெல்வேலிக்காரர். டைப்பிங் சென்டரில் விசா பாரம் அடிக்கும் கீழக்கரை பாய். வேலை போன பெரம்பலூர் கார்பெண்டர். அப்புறம் நான். வேறு யாரும் இல்லை. ஆட்களை எண்ணிப் பார்ப்பது என் பழக்கம்.

துபாயில் கிரேன்கள் அப்படியே நின்றுபோன வருடம் அது. கார்பெண்டர் அண்ணனின் கம்பெனி, ஆட்கள் தங்கியிருந்த கேம்ப்பைப் பூட்டிவிட்டு, பாக்கிச் சம்பள செட்டில்மென்ட் பிறகு தருகிறோம் என்றது. பாஸ்போர்ட்டும் அவர்களிடம்தான். எங்கள் அறையில் காலியாக இருந்த கட்டிலுக்கு வந்தார். முதல் மாதம் பங்கு கொடுத்தார். அடுத்த மூன்று மாதம் முடியவில்லை. பங்கு தராதவனுக்குக் கட்டில் இல்லை என்பது ஷார்ஜா முழுக்க எல்லா அறையிலும் உள்ள சட்டம். வெளியே அனுப்பினால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் வசூலிக்கிற மெஸ் பை என்னிடம் இருந்தது. ஆளுக்கு நானூறு திர்ஹம். நான் என்ன செய்தேன் என்றால், வாடகை ஏறிவிட்டது என்று ஒரு பொய்யைச் சொல்லி, என்னையும் சேர்த்து நான்கு பேருக்கும் ஐந்நூறாக்கிவிட்டேன். அவருடைய பங்கு அதில் அடைபட்டது. அவரிடம் வேறு பொய்: "என் கைக்காசுண்ணே, மெதுவாக் குடுங்க." இரண்டு பொய்யையும் சுமந்துகொண்டு மூன்று மாதம் நான் சரியாகத் தூங்கவில்லை.

தூங்காததற்குப் பாயும் ஒரு காரணம். அவர் தபால் வழியில் எம்.ஏ. படித்தார். சத்தமாகப் படித்தால்தான் அவருக்கு மனதில் நிற்கும். எட்டாவதோடு நின்ற நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்பேன். அமெரிக்காவை உண்டாக்கிய ஆட்களைப் பற்றிய பாடம். எவ்வளவு நல்லவன் கையில் கொடுத்தாலும் அதிகாரம் கெட்டுப்போகும் என்று பயந்து, ஒருவன் கையை இன்னொருவன் பிடித்துக்கொள்கிற மாதிரி அவர்கள் சட்டம் எழுதினார்களாம். எனக்கு ஆச்சரியம். நாட்டை உண்டாக்குகிறவர்கள் தைரியசாலிகள் என்றல்லவா நினைத்திருந்தேன்? இவர்கள் கேஸ் சிலிண்டரை மூன்று முறை எழுந்து பார்க்கிற ஆட்கள். என்னைப் போல. முதல் ஜனாதிபதி இரண்டு தவணை முடிந்ததும் போதும் என்று வீட்டுக்குப் போய்விட்டாராம். பையை வாங்கிக்கொள்ள அவருக்கு ஆள் கிடைத்தது, எனக்குத்தான் கிடைக்கவில்லை.

ஒரு நாள் வரிப் பாடம் வந்தது. அமெரிக்காவை அப்போது ஆண்டவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு, இவர்களை ஒரு வார்த்தை கேட்காமல் காகிதத்துக்கும் தேயிலைக்கும் வரி போட்டார்கள். தொகை பெரிதில்லை, கேட்கவில்லை என்பதுதான் கோபம் என்று பாய் படித்தார். கத்தி என் விரலில் இறங்கியது.

அந்த வெள்ளிக்கிழமை மெக்கானிக்தான் எல்லோரையும் உட்காரச் சொன்னான்.

"அண்ணே, ஊரெல்லாம் வாடகை எறங்குது, நம்ம ரூமுக்கு மட்டும் ஏறுது. சுவத்துல தங்கம் பூசியிருக்கானா? வாட்ச்மேனக் கேட்டேன், ஏறவே இல்லேங்கிறான்."

"கணக்கச் சொல்லும் அண்ணாச்சி," என்றார் திருநெல்வேலிக்காரர்.

தண்ணி, கேஸ், மின்சாரம் என்று இன்னொரு பொய் வாய் வரை வந்தது. கார்பெண்டர் அண்ணன் எதுவும் தெரியாமல் துண்டை மடித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அவர் கட்டில் போய்விடும். சொல்லாவிட்டால் இந்தப் பொய் எதுவரை போகும்? சொல்லிவிட்டேன்.

கார்பெண்டர் அண்ணன் எழுந்து கட்டிலுக்கடியில் இருந்த பெட்டியை இழுத்தார். "ஒன் காசுன்னுல்ல சொன்ன தம்பி?"

"ஒக்காருங்கண்ணே, ஒங்கள யாரு போகச் சொன்னா," என்ற மெக்கானிக் என் பக்கம் திரும்பினான். "நூறு பெருசில்லண்ணே. தங்கச்சி கல்யாணத்துக்கு எண்ணி எண்ணி அனுப்புறேன், அது ஒங்களுக்கே தெரியும். என்னைய ஒரு வார்த்த கேட்டீங்களா? கேட்டிருந்தா திட்டிக்கிட்டே குடுத்திருப்பேன்."

"அமெரிக்காக்காரனும் இதத்தான் சொன்னான்," என்றார் பாய்.

"எல்லாரும் சமம்னு எழுதிட்டு வீட்டுல அடிமை வச்சிருந்தானுவளே, அவனுவளா? நீருதானே வேய் படிச்சீரு," என்றார் திருநெல்வேலிக்காரர்.

பாய் மறுக்கவில்லை. "வச்சிருந்தாக. தப்புன்னு அவுகள்ல சிலருக்குத் தெரிஞ்சும் இருந்துச்சு."

"தெரிஞ்சு என்ன புண்ணியம்?"

"பொறவு வந்தவுக அந்த எழுத்தக் காட்டித்தானே நியாயம் கேட்டாக."

"அப்ப எழுதி ஒட்டுங்க," என்றான் மெக்கானிக்.

பாயின் நோட்டிலிருந்து ஒரு தாள் கிழித்து எழுதினோம். கேட்காமல் யார் பங்கும் ஏறக் கூடாது. வெள்ளிக்கிழமைதோறும் கணக்கைப் படிக்க வேண்டும். பை ஒருவரிடம் ஆறு மாதம்தான். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய பிறகு, முதல் முறையாக நான் கேட்டேன்: அண்ணன் பங்கை இன்னும் இரண்டு மாதம் நாம் போடலாமா? பாய் கை தூக்கினார், நான் தூக்கினேன், திருநெல்வேலிக்காரர் பெருமூச்சு விட்டுத் தூக்கினார். மெக்கானிக் கடைசியாக. கார்பெண்டர் அண்ணன் மட்டும் தூக்கவில்லை. "என் கட்டிலுக்கு நானே கை தூக்குறது மொறையில்ல," என்றார்.

பழைய காசுக்கும் தீர்ப்பானது. கேட்காமல் எடுத்ததால் மூவருக்கும் தலைக்கு முந்நூறு நான் திருப்பித் தர வேண்டும். அண்ணன் அந்த ஆயிரத்து இருநூறையும் எனக்கு மெதுவாகத் தர வேண்டும். மெக்கானிக்கிடம் முந்நூறைக் கொடுத்த அன்று, அவன் அதில் இருநூறை அண்ணன் கையில் வைத்து, "இது நானாக் குடுக்குறது, செலவுக்கு வச்சுக்கங்க," என்றான். நூறைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். மெஸ் பையும் அவனிடம் போனது. ஒரு வாரம் நன்றாகத் தூங்கினேன். பிறகு அவன் கணக்கைச் சரியாக எழுதுகிறானா என்று கவலை வந்தது.

அண்ணனுக்குப் பாதி செட்டில்மென்ட்தான் வந்தது. ஊருக்குப் போய், வேறு விசாவில் குவைத்தில் ஃபஹாஹீலுக்குப் போனார். அங்கிருந்து இரண்டு தடவையாக எழுநூற்றைம்பது அனுப்பினார். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்து மீதியை அவரே ஞாபகப்படுத்துவார். நான் கேட்டதில்லை. வர வேண்டியது இன்னும் நானூற்றைம்பது திர்ஹம்.