குட்டுவத்துக்கு அடியில் சூப்பர்வைசர்

எங்கள் பக்கத்து வீட்டு விக்டோரியா மாமி இருபத்திரண்டு வருடம் முந்திரி ஆலையில் பருப்பு தரம் பிரித்தவர். முழுசு, பாதி, உடைசல் என்று கண் பார்ப்பதற்கு முன்பே விரல் சொல்லிவிடும் என்பார். மூட்டு தேய்ந்து ஆலையிலிருந்து நின்ற பிறகு அந்த விரல்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கால்நடை மருந்தகத்தில் வனராஜாக் கோழிக்குஞ்சு கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பத்து வாங்கி வந்தார். முட்டைக்கும் ஆகும், இறைச்சிக்கும் ஆகும் என்று கூடவே கொடுத்த தாளில் அச்சடித்திருந்தது. மாமி முதல் வேலையாக ‘இறைச்சிக்கும்’ என்பதைப் பேனாவால் அடித்துவிட்டு, தாளை அடுக்களைக் கதவில் ஒட்டினார்.

பத்தில் ஒன்று சேவலாகிப் போனது. அது கிறிஸ்துமஸோடு முடிந்தது. மீதி ஒன்பதும் பெட்டை.

தினமும் காலையில் ஒவ்வொன்றாகக் கக்கத்தில் இடுக்கி, வாலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளுக்கு நடுவில் விரல் வைத்துப் பார்ப்பார். மூன்று விரல் நுழைய இடம் இருந்தால் முட்டையிடுகிற கோழி. ஒரு விரல் என்றால் சும்மா தின்கிற கோழி. எங்கள் தெருவில் முதன்முதலில் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் விலங்கியலில். மூன்று வருடத்தில் ஒரு பேராசிரியரும் இதைச் சொல்லித் தரவில்லை.

ஒரு கோழி மட்டும் எப்போதும் இரண்டு விரலில் நின்றது. இறக்கையைப் பின்னால் கட்டிக்கொண்டதுபோல நடந்து, மற்ற கோழிகள் கிளறுவதை மேற்பார்வை பார்க்கும். ஆலையில் இருந்த ஒருவர் ஞாபகமாக மாமி அதற்குச் சூப்பர்வைசர் என்று பெயர் வைத்திருந்தார். அவருக்கு அதுதான் செல்லம்.

மகள் ரெஜிஷாவுக்குக் கல்யாணம் ஆகி, மருமகன் ஆன்ஸ்லினோடு முதல் விருந்துக்கு வருவதாகச் செய்தி வந்தது. மாமியின் கணவர் இஸ்ரவேல் மாமா அன்றே கத்தியைத் தீட்டினார்.

“மருமவனுக்கு வீட்டுக் கோழி அடிக்கணும், கேட்டியா.”

“கோட்டாத்துச் சந்தையில ஒரு கோழி வாங்கிட்டு வாருங்க.”

“ஏட்டி, கடைக்கோழிய எலும்பப் பாத்தே கண்டுபிடிப்பான். ஒம்பது கோழிய வளத்துப்போட்டு கடையில வாங்குனா ஊரு சிரிக்கும்.”

கடைசியில் ஓர் ஒப்பந்தம் ஆனது. முட்டையிடுகிற கோழியைத் தொடக்கூடாது. செவ்வாய் முதல் சனி மத்தியானம் பன்னிரண்டு மணிக்குள் எது முட்டையிடவில்லையோ, அது ஞாயிறு ஆராதனை முடிந்ததும் குழம்பு. எது எதன் முட்டை என்று தெரியவேண்டுமே. பகலில் ஒன்பதையும் தனித்தனியாகக் கவிழ்த்து மூடினார்கள். எட்டு பனையோலைக் கடவம்தான் இருந்தது. ஒன்பதாவதாகச் சூப்பர்வைசரை, கல்யாணச் சாம்பார் வைக்கிற பழைய குட்டுவத்தைக் கவிழ்த்து, காற்றுக்காக விளிம்பில் மூன்று கல் முட்டுக்கொடுத்து, பலாமரத்தடியில் மூடினார்கள்.

வெள்ளிக்கிழமைக்குள் எட்டும் முட்டையிட்டு விடுதலையாகிவிட்டன.

“மக்கா சிஜின், நீ படிச்சவன். சொல்லு, இது இடுமா?”

“பயந்த கோழி முட்டைய அடக்கிக்கிடும் மாமி. தொந்தரவு பண்ணாம, சத்தமில்லாம விட்டா இடும்.”

“படிச்சவன் வாய்தா வாங்குறான் பாரு” என்றார் மாமா.

வேறு கோழியின் முட்டையை உள்ளே தள்ளிவிடலாமே என்று மெதுவாகச் சொன்னேன். “நான் பெண்கள் ஐக்கியத்துல ஜெபம் பண்ணுறவ மக்கா” என்று மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சனிக்கிழமை பதினொரு மணிக்குக் கார் வந்தது. வீட்டு நாற்காலிகள் எல்லாம் பக்கத்துத் தெரு துக்கவீட்டுக்குப் போயிருந்தன. ஆன்ஸ்லின் சுற்றிலும் பார்த்தார். பலாமர நிழலில் கவிழ்ந்திருந்த குட்டுவத்தைக் கைக்குட்டையால் துடைத்து, அதன்மேல் உட்கார்ந்தார்.

புதுமாப்பிள்ளையை உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கச் சொல்வது எங்கள் பக்கம் பெரிய குறை. ஒரு பந்தியில் அப்படிச் சொன்னதற்காக இரண்டு குடும்பம் பதினொரு வருடமாகப் பேசாமல் இருக்கிறது. மாமி வாயைச் சேலைத்தலைப்பால் பொத்திக்கொண்டார். நான் சொன்ன அமைதி அதோடு போயிற்று.

ஆன்ஸ்லினுக்கு ஓமானில் கடல்தண்ணீரைக் குடிநீராக்கும் ஆலையில் வேலை. அதைப்பற்றி விளக்கத் தொடங்கினார். அடியிலிருந்து ‘கொர்ர்’ என்றது. அவர் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். மறுபடியும் ‘கொர்ர்.’ காது சிவந்துபோய், அதை மறைக்க இன்னும் சத்தமாகப் பேசினார்.

“அம்மா, இவியளுக்குப் பசிக்குது” என்றாள் ரெஜிஷா.

“இல்ல மாமி, காலையில ஆறு ஆப்பம் தின்னேன்” என்றார் அவர் பரிதாபமாக.

மாமா கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருந்தது. மாமி கண்ணை மூடி உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடம். உப்பை எப்படிப் பிரிக்கிறார்கள் என்பதை மாப்பிள்ளை ஆரம்பித்தபோது, அடியிலிருந்து தெரு முழுக்கக் கேட்கும்படி ஒரு கொக்கரிப்பு எழுந்தது. அதை வயிறு என்று யாரும் சொல்ல முடியாது. ஆன்ஸ்லின் தானாகவே துள்ளி எழுந்தார்.

மாமி குட்டுவத்தைத் தூக்கினார். சூப்பர்வைசர் நிதானமாக வெளியே வந்து, எல்லோரையும் ஒரு முறை பார்த்துவிட்டு நடந்தது. மண்ணில் பழுப்பு நிறத்தில், சூடாக ஒரு முட்டை.

“மணி என்னது?” என்றார் மாமி.

“மூணு நிமிசம் இரிக்கு” என்றார் மாமா. கத்தியால் ஒரு தேங்காயின் நாரைச் சீவத் தொடங்கினார்.

ஞாயிறு விருந்துக்கு முட்டைக்குழம்பு. ஊர் சிரிக்கத்தான் செய்தது. ஆராதனை முடிந்து கோவில் வாசலில் ஒருவர் ஆன்ஸ்லினின் கையைக் குலுக்கி, “எத்தன நாள் அடை இருந்தீரு?” என்று கேட்டார்.

திங்கள்கிழமை அவர்கள் புறப்படுகிற நேரம். பெட்டிகளைக் காரில் ஏற்றியாயிற்று. மாமி பலாமரத்தடியிலிருந்து கூப்பிட்டார்.

“மருமவனே, ஒரு அஞ்சு நிமிசம் இருந்துட்டுப் போறியளா? கருத்த கோழி ரெண்டு நாளா சும்ம நிக்குது.”

குட்டுவம் கவிழ்ந்திருந்தது. மேலே சுத்தமான துண்டு ஒன்று விரித்திருந்தது. ஆன்ஸ்லின் ரெஜிஷாவைப் பார்த்தார். அவள் காரைப் பார்த்தாள். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து உப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார்.