நெற்றியில் ஓர் ஊதா எழுத்து

போன வாரம் சிராங்கூன் ரோட்டில் ஒரு காக்கா கடைக்கு, அதாவது முஸ்லிம் மளிகைக் கடைக்கு, சவர்க்காரம் வாங்கப் போயிருந்தேன். "மத்த சாமானும் வாங்கிட்டு வாங்க லா, பொட்டலம் இங்கயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து நாக்கில் தொட்டுப் பொட்டலத்தின் மேல் 'டாக்டர்' என்று எழுதினார். எழுத்து ஊதாவாக விழுந்தது. அவர் நாக்கு நுனியும் ஊதா. பார்த்த மாத்திரத்தில் என் வாய் கசந்துவிட்டது. மைப்பென்சில்! காய்ந்திருந்தால் வெறும் பென்சில், நனைந்தால் மை. இன்னுமா விற்கிறார்கள்?

நான் டாக்டர் இல்லை, ஐயா. புக்கிட் பாஞ்சாங் ரப்பர் தோட்டத்தில் காயத்துக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்குக் கொய்னா கலந்து கொடுத்தே கிழவனான டிரெசர். தோட்டத்து ஜனங்கள் மரியாதைக்கு டாக்டரய்யா என்பார்கள், கடைக்காரருக்கும் அதுவே பழகிவிட்டது. ஆரம்பத்தில் திருத்திப் பார்த்தேன். பிறகு திருத்துவதுதான் அதிகமாக வலித்தது, விட்டுவிட்டேன்.

ஆனால் மருத்துவக் கல்லூரியில் படித்தவன்தான், அதுவும் இரண்டு தடவை. அப்போது நான் அக்கா வீட்டில் இருந்தேன். அத்தான் சிராங்கூன் ரோட்டுச் சந்து ஒன்றில் மாட்டுக்கொட்டகை வைத்துப் பால் விற்றார். சாண வாசனையிலேயே வளர்ந்த மூக்கு எதையும் தாங்கும் என்று நினைத்திருந்தேன். பிணம் அறுத்துப் படிக்கும் அறையின் மருந்து நெடி முதல் நாளே என்னை வாசலுக்குத் துரத்திவிட்டது. வாசலில் எனக்கு முன்னாலேயே ஒருவன் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். அவன்தான் ஞானப்பிரகாசம். மாதா கோயிலுக்குப் பக்கத்தில் குடியிருந்த ஒரு விதவைத் தாய்க்கு ஒரே பிள்ளை. அன்று முதல் எங்கள் மத்தியானங்கள் கடற்கரைத் திடலில் பந்தாட்டம் பார்ப்பதில் கழிந்தன. உடற்கூறில் நாங்கள் வாங்கிய மார்க்கை இங்கே எழுதினால் அச்சுக் கோப்பவன் சிரிப்பான். ஞானம் இரண்டு மார்க் தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "நம்ம ரெண்டு பேரையும் கூட்டினா ஒருத்தன் பாஸ்டா" என்றான்.

அந்தச் சமயத்தில்தான், யுத்தம் நடந்துகொண்டிருந்த பாஸ்ராவில் பட்டாள ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுத்தார்கள். கட்டுப் போடத் தெரிந்தால் போதும். எங்களை வீரர்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பரீட்சைக்குப் பயந்து யுத்தத்துக்குப் போனவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

கல்லூரியில் ஏறாத பாடம் அங்கே தானாக ஏறியது. வெயில், ஈ, சீழ் எல்லாம் பழகிப்போயிற்று. அங்கே ஒரு வழக்கம் உண்டு. வலி தாங்காதவனுக்கு மார்பியா ஊசி போட்டால் உடனே அவன் நெற்றியில் மைப்பென்சிலால் 'எம்' என்று எழுதிவிட வேண்டும். தெரியாமல் இன்னொருவன் வந்து இரண்டாவது ஊசி போட்டுவிட்டால் ஆள் தூக்கத்திலேயே போய்விடுவான். நெற்றியை விரலால் துடை, பென்சிலை நாக்கில் தொடு, எழுது, அடுத்த ஆளுக்கு நகர். கை இதை மனசைக் கேட்காமலேயே செய்யும்.

ஒரு நாள் ஆஸ்பத்திரிப் படகின் பாய்லர் வெடித்தது. உள்ளே இருந்த ஞானம் கழுத்துக்குக் கீழே வெந்துபோனான். ஊசி போட்டது நான். அந்த நெற்றியில் எழுதியதும் நான்தான். மருந்து ஏறும்போது கொஞ்சம் சிரித்தான். "என் மார்க்கையும் நீயே எடுத்துக்கடா. ஒருத்தனாவது பாஸாகணும்." சாயங்காலத்துக்குள் போய்விட்டான். அந்த எழுத்தோடுதான் அவனைப் புதைத்தோம்.

ஊர் திரும்பியதும் கால் முதலில் அவன் வீட்டுக்குத்தான் போனது. அம்மா அழுது முடித்திருந்தார்கள். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்கள். "சாவுறதுக்கு முன்ன சாமியார் வந்து எண்ணெய் பூசினாராப்பா? அவன் நெத்தியில சிலுவை போட்டாங்களா?"

எங்கள் கூடாரத்தில் சாமியார் ஏது? "நெத்தியில போட்டாச்சும்மா. நான் பக்கத்துலதான் இருந்தேன்" என்றேன். "அது போதும்ப்பா" என்று மாதா படத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

கல்லூரியில் பிரின்சிபால் துரை என் பழைய மார்க்குகளை வெகுநேரம் பார்த்தார். "பட்டாளத்துக்குப் போய் வந்தவன் என்பதற்காக ஒரு தவணை தருகிறேன். இந்த மார்க்குக்கு மேல் ஒரு புகார் வந்தாலும் உனக்கு இங்கே இடமில்லை" என்றார். நான் படித்த படிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! சின்னப் பையன்களுக்கு நடுவில், முன்பு என்னை வாசலுக்குத் துரத்திய அதே அறையில், கடைசி ஆளாக நின்று அறுத்தேன். பக்கத்தில் ஞானமும் நிற்பதாகவே நினைப்பு. பாஸாக வேண்டியது ஒருத்தன் இல்லையே, இரண்டு பேர்!

தவணை முடிய இருந்தபோது தஞ்சோங் பகார் துறைமுகத்திலிருந்து காலில் மூட்டை விழுந்து நசுங்கிய ஒருவரைக் கொண்டுவந்தார்கள். தமிழர். நெற்றி நிறைய விபூதி. பெரிய டாக்டர் மார்பியா போடச் சொன்னார், போட்டேன். அடுத்த நிமிஷம் என் விரல் அந்த விபூதியைத் துடைத்தது. பென்சில் நாக்குக்குப் போனது. எழுதி முடித்துத் தலையை நிமிர்த்திய பிறகுதான் இது பாஸ்ரா இல்லை என்று உறைத்தது. ஊசி போட்டதை எழுத வேண்டிய குறிப்பு அட்டை கட்டிலின் காலடியில் தொங்கிக்கொண்டிருந்தது.

அதற்குள் அவர் மனைவி வந்துவிட்டாள். மயங்கிக் கிடக்கும் புருஷன், அழிந்த விபூதி, நெற்றியில் ஊதாவாக ஏதோ ஒரு எழுத்து. "எந்தப் பாவி எம் புருஷனுக்கு நாள் குறிச்சது?" என்று வார்டே அதிர அலறினாள். முந்தானையைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தாள். மைப்பென்சில் ஆயிற்றே, தேய்க்கத் தேய்க்க அந்த ஊதா புருவம்வரை பரவியது. "நல்லதுக்குத்தாம்மா எழுதினேன்" என்ற என் குரல் எனக்கே கேட்கவில்லை. அந்த மனிதர் பிழைத்து, கட்டையை ஊன்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதற்கு முன்பே புகார் துரையிடம் போய்விட்டது. நான் சொன்னதைக் கேட்டார். "இது பட்டாளம் இல்லை" என்று மட்டும் சொல்லி என் பைலை மூடினார். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் என் அக்கா இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள்.

வீட்டுக்குப் போக மனசு வரவில்லை. ஞானத்தின் அம்மாவிடம் போய், "என்னால முடிக்க முடியலம்மா" என்று சின்னப் பிள்ளைபோல அழுதேன். எதற்காக வெளியே அனுப்பினார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என்னைக் கிட்டே இழுத்து, கட்டைவிரலால் என் நெற்றியில் ஒரு சிலுவை வரைந்தார்கள். "எம்புள்ளைக்குப் போட்ட மாதிரி" என்றார்கள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் தோட்டத்திலிருந்து லாரி பிடித்து வந்து அந்த விரலுக்கு முன்னால் குனிந்து நின்றிருக்கிறேன். என்னுடையது விபூதி பூசிய நெற்றிதான். அதைத் துடைக்காமல் அதன்மேலேயே போடுவார்கள்.

அத்தானின் கொட்டகை போய், அந்தச் சந்தில் இப்போது சைக்கிள் கடை. கல்லூரிக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. நாங்கள் வாந்தி எடுத்த வாசலைத் தேடினேன், காணோம். ஞானத்தின் அம்மா போய்ப் பல வருஷம் ஆகிறது. கடைக்காரரிடம் அந்தப் பென்சிலில் ஒன்று கேட்டு வாங்கிவந்தேன், மேஜைமேல் கிடக்கிறது. இன்னும் அதை நனைக்கவில்லை. கிறிஸ்துமஸ் வருகிறது. இத்தனை வருஷமாகியும் எங்கே போய்க் குனிவது என்றுதான் தெரியவில்லை.